கோலமாவோடு பள்ளிக்கு வாருங்கள்

திருச்சி வட்டாரப் பெற்றோர்களுக்கும் கைத்தொழில் தெரிந்த பெரியவர்களுக்கும் அரசு நடுநிலைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் நாங்கள் விடுக்கும் வேண்டுகோள் இது.

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் ஐந்தையும் ஒரே வேலைக்குள் வைத்துச் சொல்லிக்கொடுப்பதை ‘ஸ்டீம்’ கல்வி என்கிறார்கள். 2022 நவம்பரில் நம் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றத்தால் 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் பரிசோதனைகளைக் கையால் செய்து பார்க்கிறார்கள். நல்ல திட்டம். கலைதான் இன்னும் தனியே, கலைத் திருவிழா மேடையில் நிற்கிறது. அதை வகுப்புக்குள் அழைத்துவர உங்களால் முடியும்.

புள்ளிக்கோலத்தையே பாருங்கள். வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை நேர்ப்புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கம்பி குறுக்கிடும்படி சுற்றி வந்தால், ஒரே கம்பியில் கோலம் முடிந்துவிடும். 4க்கு 6 வைத்தால் இரண்டு கம்பி வேண்டும்; 3க்கு 3 என்றால் மூன்று. ஏன்? அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கம்பி! இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். தரையில் போட்டுப் போட்டு அவர்களே பிடிக்கட்டும். 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வு செய்தவர்களும் கோலத்தைக் கணினி அறிவியலுக்கான இலக்கண விதிகளாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள். ‘இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?’ என்பவர்களுக்கு: மீப்பெரு பொதுக் காரணி கட்டாயம் வரும்.

திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் மிருதங்கத்தையும் ஆராய்ந்தவர். வெறும் தோலில் இணங்காமல் சிதறும் மேற்சுரங்களை, வலந்தலை நடுவில் பூசிய கறுப்புக் கரணை ஒழுங்குக்குக் கொண்டுவருவதை அவர் விளக்கினார். கரணை பூசத் தெரிந்தவர்கள் ஒரு பீரியடு வந்தால், 8ஆம் வகுப்பின் ஒலிப் பாடம் காதாலும் கையாலும் நடக்கும். தச்சர்களையும் கொத்தனார்களையும்கூட அழைக்கிறோம்.

ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். டிராயிங் பீரியடைக் கணக்குக்குக் கடன் வாங்காதீர்கள்; கணக்கையே அந்த பீரியடுக்குள் கூட்டி வாருங்கள்.

நன்கொடை கேட்கவில்லை. விலை உயர்ந்த ரோபோ பெட்டிகளும் இப்போதைக்கு வேண்டாம். மாதம் ஒரு மணி நேரம் போதும். உங்கள் தொழிலையும் தோதான நாளையும் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்பதை அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சேர்ந்து முடிவு செய்வோம்.