லயத்தையும் சோதிக்க வேண்டும்

“உடைக்கப்போற லயத்துக்கு என்ன சோதனை? தனி வீடு வரட்டும், பார்த்துக்கலாம்.” தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் புகை, வயர், கூரை என்று பேச்செடுத்தால் தலைவர் முதல் கணக்கப்பிள்ளை வரை, சில சமயம் லயத்தில் குடியிருப்பவரே கூட, சொல்லும் பதில் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

முதலில் அந்த ‘வரட்டும்’. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றின் வேலை தொடங்கவே 2024 ஆனது. 2017இல் பிள்ளைமடுவத்தில் விட்ட பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடம் போய்விட்டது. இரவெல்லாம் அது சுவாசித்தது லயத்துக் காற்றைத்தான்.

அடுத்தது, “பனிக்குப் புகை நல்லது, நமக்குப் பழகிருச்சு.” குளிர் உண்மை, ஊர் 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் சூடு தருவது நெருப்பு. புகை என்பது சரியாக எரியாமல் வீணாய்ப்போன விறகு. கவ்வாத்து மிலாறு பெரும்பாலும் ஈரத்தோடுதான் வீட்டுக்கு வருகிறது. அந்த ஈரத்தை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விட, மிச்சம் அரைகுறையாக எரிந்து தகரத்துக்கடியில் தேங்குகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பனிக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்துவிட்டால் அது எங்கே போகும்? 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீற்றர் காற்றில் 15 மைக்ரோகிராம் நுண்துகளுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. புகைபோக்கி இல்லாத குசினியில் சமையல் நேரத்தில் அது நூற்றுக்கணக்கில் ஏறும். கண் எரிச்சல் பழகிப்போகலாம், நுரையீரல் பழகாது. குழந்தையின் நிமோனியாவுக்கும் சமைப்பவரின் நாட்பட்ட நெஞ்சு நோய்க்கும் இந்தப் புகை ஒரு முக்கியக் காரணம். இதைவிட மோசம், இரவில் தணலை அள்ளிப் படுக்குமிடத்தில் வைத்துக் கதவடைப்பது. தணலில் புகை தெரியாது. அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

“விறகு சும்மா கிடைக்குது” என்பவர்கள் கொழுந்து நிறுத்த பிறகு மிலாறுக் கட்டோடு மலையேறும் பெண்ணின் முதுகைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேஸுக்கு மாறுங்கள் என்று உபதேசிப்பதும் சுலபம், 2022இல் 12.5 கிலோ சிலிண்டர் 5,000 ரூபாயை நெருங்கியது யாருக்கும் மறந்திருக்காது. இடையில் ஒரு வழி உண்டு. 1980களில் இலங்கையிலேயே உருவான ‘அனகி’ மண் அடுப்பு ஒரே தீயில் இரண்டு பானையைக் கொதிக்கவைக்கும், மூன்று கல் அடுப்பைவிடக் குறைவாக விறகு தின்னும். மேலே ஒரு புகைபோக்கியும் வேண்டும். (மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட் மின்சாரம் எடுப்பது இந்த ஊர்த் தண்ணீரில். இங்கேதான் மிலாறு பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

லயம் எரிந்தால் “மின்னொழுக்கு, யார் என்ன செய்ய முடியும்” என்கிறார்கள். செய்யலாம். ஒரு பல்புக்குப் போட்ட வயரில் பிறகு டீவி, அயன், கேத்தல், பக்கத்துக் காம்பராவுக்கு இழுத்த லைன் என்று ஏறிக்கொண்டே போகிறது. டேப் சுற்றிய இணைப்பு சூடாவது காய்ந்த கூரை மரத்துக்குப் பக்கத்தில். பல லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு காம்பராவில் பிடித்த தீ மேலே ஏறி வரிசை முழுவதையும் கொண்டுபோய்விடும். அதனால் வீடு வீடாக அல்ல, லயம் லயமாகச் சோதிக்க வேண்டும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

தனி வீட்டை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி, பெரிய மாற்றம்தான். ஆனால் அங்கேயும் புகைபோக்கி இல்லாமல் குசினியும், சீலிங் இல்லாமல் கூரையும் அமைந்தால் புகையும் குளிரும் கூடவே குடிவரும். நிலத்தையும் பார்க்க வேண்டும்: 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயங்களைப் புதைத்த மண்சரிவு பற்றி முன்பே எச்சரிக்கை இருந்தது.

கடைசி வாதம், “செலவு யார் கட்டுறது?” லயத்தின் கூரையும் சுவரும் தொழிலாளியின் பெயரில் இல்லை. 1992இல் தோட்டங்களை நடத்தப் பொறுப்பெடுத்தவை கம்பனிகள். எலெக்ட்ரீஷியனின் பில் போக வேண்டிய இடம் தோட்ட ஒப்பீஸ்.