அரண்மனைக்கு எத்தனை வாசல்?

மாமியாரை அழைத்துக்கொண்டு அரண்மனை பார்க்கப் போன அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. அதுவும் உள்ளூர் அரண்மனை அல்ல. சீன தேசத்துச் சக்கரவர்த்திகள் வாழ்ந்த பெய்ஜிங் அரண்மனை!

"அத்தைக்கு முழங்கால் வலி. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரமாம். ஓட்டல் அறையிலேயே டெலிவிஷன் பார்த்துக்கொண்டு இருக்கட்டுமே" என்று முதல் நாள் இரவு இவரிடம் காதோடு சொன்னேன். அது அத்தையின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். காலையில் நாங்கள் கண் விழித்தபோது, அத்தை குளித்து, புடவைமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கைத்தடியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. சப்பாத்தியையும் தக்காளித் தொக்கையும் டப்பாவில் எடுத்துக்கொண்டு, குழந்தைகள் இருவருடன் ஐந்து பேருமாகக் கிளம்பினோம்.

நீங்கள் போவதாயிருந்தால் ஒன்று கவனியுங்கள். பாஸ்போர்ட் விவரம் கொடுத்து முன்கூட்டியே டிக்கெட் பதிவு செய்துவிட வேண்டும். திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் விடுமுறை.

மிங் வம்சத்து யோங்லெ சக்கரவர்த்தி 1406-ல் கட்ட ஆரம்பித்து 1420-ல் முடித்த அரண்மனை இது. 1912-ல் முடியாட்சி முடியும் வரை 24 சக்கரவர்த்திகள் இங்கே ஆண்டார்கள். அறைகள் மட்டும் ஏறக்குறைய 9,000! தினம் பெருக்கித் துடைக்க எத்தனை பேர் வேண்டியிருந்திருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உங்களுக்கும் அப்படித்தானே தோன்றுகிறது?

தெற்கே உள்ள பெரிய வாசலுக்கு வூமென் என்று பெயர். அதன் நடு வழி சக்கரவர்த்திக்கு மட்டுமே உரியது. பட்டத்து ராணிகூட அதன் வழியாக ஒரே ஒரு நாள்தான் வரலாம், கல்யாணத்தன்று!

இவர் புத்தகத்தைப் பார்த்து இதைப் படித்ததும், அத்தை அன்று முதன்முதலாக வாய் திறந்தார். "இதற்குச் சீனாவுக்கா வரவேண்டும்? நான் வலது காலை எடுத்து வைத்து உங்கள் வீட்டு வாசலில் நுழைந்ததும் ஒரே நாள்தான். மறுநாள் முதல் கொல்லைப்புறம்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

உள்ளே எங்கு பார்த்தாலும் மஞ்சள் ஓட்டுக் கூரைகள், வெள்ளைச் சலவைக்கல் படிகள். முற்றங்களில் நம் வீட்டு அண்டாவைப் பத்து மடங்கு பெரிதாக்கினாற்போல் உலோகத் தொட்டிகள். கட்டடங்களெல்லாம் மரமல்லவா? தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்களாம். குளிர்காலத்தில் உறைந்து போகாமலிருக்கத் தொட்டிக்கு மூடி போட்டு, அடியில் நெருப்பும் மூட்டுவார்களாம்.

அத்தைக்குப் படிகளைவிட நிலைப்படிகள்தான் சிரமம் கொடுத்தன. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்! கடைசிச் சக்கரவர்த்தி பூயி, அரியணையை இழந்த பிறகும் 1924 வரை உள் அரண்மனையில்தான் வசித்தார். சைக்கிள் விட இடைஞ்சலாக இருந்ததென்று பல நிலைப்படிகளை அவர் அறுத்தெறியச் செய்தாராம். "மகராஜன், நன்றாயிருக்கட்டும்!" என்று அத்தை வாழ்த்தினார். சின்னவனுக்குச் சக்கரவர்த்தி என்ற ஜாதியின்மேலேயே அன்றுதான் மதிப்பு வந்தது.

வடகிழக்கு மூலைக்கு வந்தபோது பகல் சாய்ந்துவிட்டது. அங்கே ஒரு கிணறு. வாய் மிகவும் குறுகல். குவாங்ஷு சக்கரவர்த்தியின் இளைய மனைவிகளில் ஒருத்தி ஜென். 1900-ல் அந்நியப் படைகள் நகருக்குள் புகுந்தபோது, சக்கரவர்த்தியின் பெரியம்மாவான ராஜமாதா ட்ஸூஷி தப்பி ஓடுமுன் அந்தப் பெண்ணை இந்தக் கிணற்றில் தள்ளச் சொன்னாள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. அவளுக்கு வயது 24. புகுந்த வீட்டுப் பெரியவளை எதிர்த்துப் பேசியதுதான் அவள் குற்றமாம்.

அத்தை கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "கல்யாணமாகி இருபது வருஷம் கிணற்றடியும் அடுப்படியும்தான் நான் கண்ட உலகம். பிரசவத்துக்குப் பிறந்த வீடு போனதுதான் பிரயாணம். இனிமேலாவது கதவைச் சாத்தி வைக்காதீர்களம்மா."

எனக்குச் சுரீர் என்றது. டெலிவிஷனைப் போட்டுக் கொடுத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வர நினைத்தவள் நான்தானே? மருமகளை அடைத்து வைத்த மாமியார் கதை கேட்டிருக்கிறேன். மாமியாரை அடைத்து வைக்கும் மருமகளாக நானே இருப்பேன் என்று நினைத்ததில்லை.

"தப்புதான், அத்தை" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வடக்கு வாசல் வழியாக வெளியே வந்தோம். ஷென்வூமென் என்று பெயர். ஒரு காலத்தில் சக்கரவர்த்திக்கு மனைவியராகத் தேர்ந்தெடுக்கப்பட வந்த பெண்கள் இந்தப் பின் வாசலால்தான் உள்ளே நுழைந்தார்கள். பின்னாளில் நாட்டையே ஆட்டி வைத்த ட்ஸூஷியும் பட்டத்து ராணியாக வந்தவள் அல்ல. நடு வாசல் அவளுக்குத் திறக்கவில்லை. 1925 முதல் இது பொருட்காட்சிச்சாலை. உள்ளே போன பெண்கள் எல்லோரும், எங்களைப் போல, சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம்.

உங்கள் வீட்டிலும் வெளியூர்ப் பிரயாணம் உண்டா? "உங்களுக்குச் சிரமம், நீங்கள் வரவேண்டாம்" என்று பெரியவர்களுக்காக நாமே முடிவு செய்யுமுன், அவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆமாம், அன்று இரவு முழங்கால் வலித்தது எனக்குத்தான். பையிலிருந்து தைலத்தை எடுத்துக் கொடுத்தது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?