கூடைப்பந்து அணி நிலைக்குமா? கோப்பை சொல்லாது!

பிள்ளைப்பாக்கம் சிப்காட் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. ஷிப்டு மாறும் நேரம். ஒரு கூட்டம் உள்ளே போகிறது. ஒரு கூட்டம் வெளியே வருகிறது.

டீக்கடையில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கேள்வி கட்டாயம் எழும்.

"இந்தக் கம்பெனி நிலைக்குமா?"

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே குடியிருப்பவர்களுக்கு இது வெறும் பேச்சு அல்ல. பட்டறிந்த பாடம்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ம் ஆண்டு நோக்கியா கம்பெனி செல்போன் செய்ய ஆரம்பித்தது. உலகம் முழுவதும் அந்தக் கம்பெனிக்குப் பெயர். ஆயிரக்கணக்கான இளம் பெண்களும் ஆண்களும் அங்கே வேலைக்குப் போனார்கள். 2014-ம் ஆண்டு நவம்பர் மாதம் தொழிற்சாலை மூடப்பட்டது.

அருகிலேயே இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1998-ல் ஹூண்டாய் கார் வெளிவந்தது. இன்றும் வருகிறது.

இரண்டும் வெளிநாட்டுக் கம்பெனிகள்தான். இரண்டும் பெரிய கம்பெனிகள்தான். திறப்பு விழாவைப் பார்த்து, எது நிற்கும், எது போகும் என்று யாரால் சொல்லியிருக்க முடியும்?

சம்பளத்துக்கு ஆடும் கூடைப்பந்து அணியின் கதையும் இதுதான். திறப்பு விழாவும் கோப்பையும் அதன் ஆயுளைச் சொல்லாது.

இரண்டு கடிதங்கள்

இந்த விஷயம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கக் கூடாது. சாதாரணக் குடும்பத்தின் சோறு இதில் இருக்கிறது.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தகப்பனார் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. மகனுக்கு 19 வயது. உயரம் ஆறு அடி நாலு அங்குலம். பள்ளிக்கூடத்திலிருந்தே கூடைப்பந்து ஆடுகிறான். வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் வருகின்றன.

ஒன்று, விளையாட்டு வீரர்களுக்கான இடத்தில் ரயில்வே உத்தியோகம். சம்பளம் அதிகம் இல்லை. ஆனால் நிரந்தரம்.

மற்றொன்று, புதிதாகக் கிளம்பிய ஓர் அணியின் அழைப்பு. பணம் கூடுதல். ஆனால் ஒரே ஒரு வருஷ ஒப்பந்தம்.

"இந்த அணி போன தடவை கோப்பை வாங்கியிருக்குப்பா" என்கிறான் மகன்.

"வாங்கட்டும்டா. அடுத்த வருஷம் அந்த அணி இருக்குமா?" என்கிறார் தகப்பனார்.

தாயார் இரண்டு கடிதங்களையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

தகப்பனார் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் கண்டுபிடிப்பது எப்படி?

வந்ததும் போனதும்

கூடைப்பந்து தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. அமெரிக்காவில் 1891-ல் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், பழக்கூடையை உயரத்தில் மாட்டி இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். அவர் வேலை பார்த்தது ஒய்.எம்.சி.ஏ. பள்ளியில். அதே ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் உடற்பயிற்சிக் கல்லூரி 1920-ல் சென்னையில் ஏற்பட்டது. நாளடைவில் தமிழ்நாட்டில் பள்ளிக்குப் பள்ளி கூடைக் கம்பம் முளைத்தது.

ஆட்டக்காரர்களைத் தாங்கியது யார்? உத்தியோகம் தந்த நிலையங்கள். தென்னக ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆகியவை அணி வைத்து நடத்தின. பகலில் வேலை, மாலையில் ஆட்டம். ஆட்டம் ஓய்ந்த பிறகும் மாதச் சம்பளம் நிற்காது.

பிறகு தொழில்முறைப் பந்தயம் வந்தது. 2015-ல் யு.பி.ஏ. என்ற லீக் தொடங்கியது. எட்டு அணிகள். அவற்றில் 'சென்னை ஸ்லாம்' ஒன்று. 2017-க்குப் பிறகு அந்த லீக் நடக்கவில்லை. லீக் போயிற்று, எட்டு அணிகளும் கூடவே போயின.

2022-ல் இந்தியத் தேசியக் கூடைப்பந்து லீக் தொடங்கியது. ஆறு அணிகள் மோதின. 2023 ஜனவரியில் இறுதிப் பந்தயத்தில் பெங்களூர் அணியைத் தோற்கடித்து, 'சென்னை ஹீட்' முதல் கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்தது.

பெருமைப்பட வேண்டிய வெற்றி. ஆனால் கோப்பை என்பது நேற்றைய கணக்கு. நாளைய கணக்கைப் பார்க்க வேண்டுமானால் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

1. பணம் யாருடையது?

அமெரிக்காவில் போர்ட் வேய்ன் என்று ஒரு சிறிய நகரம். அங்கே பிரெட் சோல்னர் என்ற முதலாளி, பிஸ்டன் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். பிஸ்டன் என்றால் என்ன என்று ஒரகடம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!

சோல்னர் தம் கம்பெனிப் பெயரிலேயே கூடைப்பந்து அணி வைத்தார். 1941-ல் அந்த அணி தொழில்முறை லீகில் இறங்கியது. 1957-ல் கார் நகரமான டெட்ராய்ட்டுக்கு இடம் மாறியது. 1974-ல்தான் சோல்னர் அணியை விற்றார். 33 வருஷம் ஒரே முதலாளி!

அணி இன்றும் இருக்கிறது. பெயர் 'டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்'. 1989, 1990, 2004 ஆகிய மூன்று ஆண்டுகளில் அமெரிக்கச் சாம்பியன்.

1989-ம் ஆண்டுப் பட்டத்துக்கும் கம்பெனி அணி லீகில் இறங்கியதற்கும் நடுவே கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. அதுவரை தாங்கியது கோப்பையா? இல்லை. பொறுமையான பணம்.

ஆகவே முதல் கேள்வி: முதலாளி எத்தனை வருஷம் நஷ்டத்தைத் தாங்குவார்? ஒரு சீசனுக்கு மட்டும் பணம் கட்டுகிறவர் என்றால், அணியின் ஆயுளும் ஒரு சீசன்தான்.

2. சொந்த வீடு உண்டா?

சியாட்டில் நகரத்துக்கு ஓர் அணி இருந்தது. பெயர் 'சூப்பர்சானிக்ஸ்'. 1979-ல் அமெரிக்கச் சாம்பியன். ஊரே கொண்டாடியது.

பின்னாளில் விளையாட்டு அரங்கம் பற்றித் தகராறு வந்தது. புதிய அரங்கத்துக்கு யார் பணம் தருவது என்று இழுபறி. முடிவு என்ன? 2008-ல் அணி மூட்டை கட்டிக்கொண்டு ஓக்லஹோமா நகரத்துக்குப் போய்விட்டது. கோப்பை வாங்கிய ஊர் வெறுங்கையோடு நின்றது.

சொந்த அரங்கம் இல்லாத அணி, வாடகை வீட்டுக் குடித்தனம் போல. எப்போது காலி செய்யும் என்று சொல்ல முடியாது.

சென்னை ஹீட் கோப்பை வாங்கிய பந்தயங்கள் எப்படி நடந்தன? ஆறு அணிகளும் ஒரே ஊரில் கூடும். அங்கே ஆடும். பிறகு அடுத்த ஊர். கொச்சி, ஜெய்ப்பூர், புனே என்று போகும். செலவு குறைவுதான். ஆனால் இந்த வார ஆட்டம் நம் ஊரில், அடுத்த வாரமும் நம் ஊரில் என்று குடும்பத்தோடு டிக்கெட் வாங்கிப் போகும் பழக்கம் அதில் எப்படி வளரும்?

3. வயது என்ன?

ஓக்லஹோமாவுக்குப் போன அணியின் கதை அதோடு முடியவில்லை.

2019-ல் அந்த அணி தன் பெரிய நட்சத்திரம் பால் ஜார்ஜை வேறு அணிக்கு விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு, 21 வயதுகூட நிறையாத ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற இளைஞரை வாங்கிக்கொண்டது. வருங்காலத்தில் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் உரிமைகளையும் கேட்டு வாங்கியது.

பலன் உடனே கிடைத்ததா? இல்லை. 2020-21 சீசனில் 72 ஆட்டங்களில் 22 வெற்றிதான். அடுத்த சீசனில் 82-க்கு 24. மறு சீசனில் 40. பிறகு 57. 2024-25 சீசனில் 68! அந்த வருஷமே சாம்பியன் பட்டம்.

22 வெற்றி பெற்ற வருஷத்தில் அந்த அணியைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் வெற்றிகளை எண்ணினார்கள். வயதை எண்ணவில்லை.

முப்பது தாண்டியவர்களை மட்டும் கூட்டி வைத்து இந்த வருஷம் ஜெயிக்கிற அணி, விதை நெல்லைச் சமைத்துச் சாப்பிடும் குடும்பம் போல. இன்று வயிறு நிறையும். நாளை?

4. பயிற்சியாளர் எத்தனை வருஷம்?

தென்கொரியாவில் உல்சான் என்று ஒரு நகரம். ஹூண்டாயின் பெரிய கார் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. அந்த நகரத்துக் கூடைப்பந்து அணியின் பெயர் 'ஹூண்டாய் மோபிஸ் பீபஸ்'. கொரிய லீகில் ஏழு முறை சாம்பியன்.

மோபிஸ் யார்? கார் பாகங்கள் செய்யும் கம்பெனி. இருங்காட்டுக்கோட்டையிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு!

அந்த அணியில் யூ ஜே ஹாக் என்பவர் 2004-ல் பயிற்சியாளர் ஆனார். 2022 வரை அவரே. 18 வருஷம்! ஏழு பட்டங்களில் ஆறு அவர் காலத்தில் வந்தவை. ஒரு சீசன் தோற்றதும் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இது நடந்திருக்குமா?

5. அடுத்த வரிசை எங்கே?

கடைசிக் கேள்வியில் தமிழ்நாட்டுக்கு நல்ல மார்க் கிடைக்கும்.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, பள்ளி மைதானத்திலிருந்து வந்தவர். இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கினார். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரைத் தாங்கியதும் தென்னக ரயில்வே உத்தியோகம்தான். அவரைப் போல் ஆட விரும்பும் சிறுமிகளுக்கும் பையன்களுக்கும் இங்கே பஞ்சம் இல்லை. பள்ளிகளும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள்.

கூட்டிப் பார்த்தால்...

ஐந்து கேள்விகளையும் சென்னையின் தொழில்முறை அணிகளுக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இளம் ஆட்டக்காரர்கள் உண்டு. அடுத்த வரிசையும் உண்டு. நீண்ட காலப் பணம்? இதுவரை தென்படவில்லை. வாராவாரம் ஆடும் சொந்த அரங்கம்? கிடையாது. பயிற்சியாளரின் பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு லீக்கே நீடித்ததில்லை.

நெல் நன்றாக விளைகிறது, களஞ்சியம்தான் இல்லை!

குறை ஆட்டக்காரர்களிடம் இல்லை. அதனால்தான் இதைச் சரிசெய்ய முடியும்.

கம்பெனிகள் முன்வரட்டும்

உல்சானில் அணி வைத்து நடத்தும் கம்பெனி, இங்கே பாகம் செய்து விற்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? பிள்ளைப்பாக்கம், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று எத்தனை தொழிற்சாலைகள்! எத்தனை ஆயிரம் தொழிலாளர்கள்! ஷிப்டு முடிந்தால் போவதற்கு அவர்களுக்கு ஒரு நல்ல இடம் உண்டா?

"கம்பெனி போய்விட்டால் அணியும் போய்விடுமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நோக்கியாவைப் பார்த்த ஊர் இதைக் கேட்கத்தான் செய்யும்.

இதற்கும் வழி இருக்கிறது. ஒரே கம்பெனியை நம்ப வேண்டாம். பத்துக் கம்பெனிகள் சேர்ந்து பத்து வருஷத்துக்குப் பணம் ஒதுக்கட்டும். ஒன்று போனாலும் ஒன்பது நிற்கும். அரங்கம் கம்பெனியின் சொத்தாக இருக்க வேண்டாம். ஊரின் சொத்தாக இருக்கட்டும். கம்பெனி போகலாம், கட்டிடம் போகாது. காலையில் பள்ளிப் பிள்ளைகள் ஆடட்டும். மாலையில் அணி ஆடட்டும். ஆட்டக்காரனுக்கு ஒரு தொழிலும் கற்றுத் தரட்டும். முழங்கால் முறிந்தாலும் அவன் குடும்பம் முறியக் கூடாது.

அதுவரை?

அதுவரை அந்த வீட்டுத் தாயார் என்ன செய்வாள்?

மகனின் ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் ரயில்வே கடிதத்தை எடுத்து வைக்கட்டும். அங்கேயும் பந்து உண்டு. சம்பளமும் உண்டு. மற்ற அணியிலிருந்து வருகிறவர்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, அந்த ஐந்து கேள்விகளையும் கேட்கட்டும். பதில் சொல்ல முடிந்த அணி என்றைக்கு வருகிறதோ, அன்றைக்கு அவளே மகனை வாசல் வரை வந்து வழியனுப்புவாள்.

அப்படி ஓர் அணி பிள்ளைப்பாக்கம் பக்கத்திலிருந்தே கிளம்பினால், வழியனுப்பக்கூட வேண்டாம். மாலை ஷிப்டு முடிந்ததும் தகப்பனாரே நடந்து போய், மகனின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வருவார்!