கோல் கடைபவனும் நம் அலட்சியமும்

பில்லியர்ட்ஸ், பூல் ஆட்டங்களுக்கான கோல் செய்ய மேசைமேல் வைக்கும் மில்லிங் எந்திரத்தை எப்படித் தேர்வது என்ற கேள்விக்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தொடர்பு உண்டு என்பதே நம் வாதம். கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் தொழிற்பயிற்சி முடித்த இளைஞர் ஒருவர் கடன் பெற்று இத்தொழிலில் இறங்க எண்ணுகிறார். அவருக்கு இரண்டே அறிவுரைகள் கிடைக்கின்றன. எந்திரம் நுழைந்தால் கைவினை செத்தது என்பது நம் இலக்கிய நண்பர்கள் சொல்வது. பெரிய எந்திரமும் சி.என்.சி.யும் இல்லாமல் எதுவும் ஆகாது என்பது விற்பவர்கள் சொல்வது. இரண்டையும் மறுக்கிறோம்.

முதலில் நம்மவர்களுக்கு. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரம் ஆச்சா மரத்தைக் கடைசல் எந்திரத்தில் கடைந்தே உருவாகிறது. அதில் உயிரில்லை என்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டு? நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும் கோலைக் கடைவதும் அதே குடும்பத்து வேலைதான். இந்த ஆட்டங்கள் நமக்கு அந்நியமும் அல்ல. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் தொடங்கிய ஸ்னூக்கருக்கு விதிகள் வடிவம் பெற்றது 1880களில் உதகை கிளப்பில்.

இனி விற்பவர்களுக்கு. பூல் கோல் ஏறத்தாழ 58 அங்குலம். நடுவில் கழற்றக்கூடிய இரு துண்டுகள். அதன் உருண்டையும் சரிவும் லேத்தின் வேலை. மில்லிங் எந்திரத்துக்கு உரியவை, கைப்பிடியின் முன்பகுதியில் வேறு நிற மரத்தைப் பதிக்கும் ‘வி’ வடிவப் பள்ளங்களும் சிறு பதிப்பு வேலைகளுமே. ஆகவே லேத் முதலில், மில்லிங் பிறகு. இந்த வரிசையைச் சொல்லாமல் விலைப்பட்டியலை நீட்டுவது நேர்மையன்று.

மில்லிங் எந்திரத்தில் பார்க்க வேண்டியது குதிரைத்திறன் அல்ல, மேசையின் நீளவாக்கு ஓட்டம். சிறிய எந்திரங்கள் பலவற்றில் அது 9 அங்குலத்தை ஒட்டியே நிற்கிறது. கோலைச் சற்றே சாய்த்துப் பிடித்துச் சீவினால் பள்ளம் போகப் போக ஆழம் குறைந்து கூர்முனையாக முடியும். இதை ஒரே ஓட்டத்தில் சீவ வேண்டும். பாதியில் கழற்றி மறுபடி பிடித்தால் பசை ஒட்டும் இடத்தில் இடைவெளி பல்லிளிக்கும். 12 அங்குலத்துக்குக் குறைந்த ஓட்டமுள்ளதை வாங்கினால் இந்த ஆபத்து உடன் வரும். நான்கு கூர்களும் 90 பாகைக்கு ஒன்றாக அமைய டிவைடிங் ஹெட்டும், மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கும் வேண்டும். எந்திரத்தோடு சேர்த்து இவற்றின் விலையையும் கணக்கிட வேண்டும்.

அடுத்தது வேகம். இரும்புக்கென்று செய்த சிறு எந்திரங்கள் பல நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குள் ஓய்ந்துவிடும். சிறிய கட்டரால் மரத்தை நார் பிய்யாமல் சீவ 10,000 சுற்றுக்கு மேல் தேவை. எனவே எந்திரத்தின் தலையில் ஒரு சிறு ரூட்டரைப் பொருத்துவதே வழி. அப்படியானால் பெரிய மோட்டாருக்குக் கொடுத்த பணம் வீண். நேர்ப்பள்ளத்துக்குக் கைச்சக்கரம் போதும். சி.என்.சி. பூவேலைக்குத்தான்; அதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு டன் எந்திரத்தை ஏற்றி, மும்முனை மின்சாரத்துக்கு மனுப்போட்டுக் காத்திருக்கச் சொல்பவர்கள் இந்த மலையை அறியாதவர்கள். வீட்டு மின்சாரத்தில் ஓடும், இரண்டு மூன்று பேர் இறக்கி வைக்கக்கூடிய எந்திரமே இங்கே பொருந்தும். மிச்சப்படும் பணம் உலர்ந்த மரத்துக்கும் ஈரம் புகாத அறைக்கும் போகட்டும். மலைமழையில் மரம் ஈரம் குடித்து வளையும். கோலை ஒரே நாளில் கடைந்துவிடக் கூடாது. சிறிது கடைந்து, வாரக்கணக்கில் ஆறவிட்டு, வளைந்ததைக் கழித்துவிட்டு மீண்டும் கடைய வேண்டும். இந்தப் பொறுமையை எந்த எந்திரமும் விற்பதில்லை.

ஒரு நாளில் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த சக்கரத்தை அதியமானுக்கு உவமையாக்கினார் ஔவையார். தச்சுப் பட்டறையின் கணக்கை அறிந்த மொழி அது. அந்தப் புறநானூற்றைப் பாடம் நடத்தும் நாம், பட்டறைக்காரன் கேட்கும் கேள்விக்குத் தமிழில் விடை எழுதுவதை இழிவாக நினைத்தால், கடன் தவணையைக் கட்டப்போவது நாம் அல்ல, அவன்.