தாடை நரம்புக்குக் காதில் என்ன வேலை?

"மனிதனுடைய முகம் ஒன்றே போதும், கடவுள் இருக்கிறார் என்பதற்கு" என்று பேசுகிற அன்பர்கள் நம் நாட்டில் ஏராளம். கண் பார்க்கிறது, காது கேட்கிறது, வாய் மெல்லுகிறது. இவையெல்லாம் ஒருவன் படைக்காமல் அமையுமா என்பது அவர்கள் கேள்வி. நல்லது, அந்த முகத்தையே எடுத்துக் கொள்ளுவோம். ஆனால் தோலோடு நின்றுவிடாமல் கொஞ்சம் உள்ளேயும் நுழைந்து பார்ப்போம்.

மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் 12 ஜோடி. அவற்றுள் பருத்தது 5-வது ஜோடி. இது கபாலத்தின் அடித்தளத்தில் ஒரு முடிச்சாகத் திரண்டு, அங்கிருந்து மூன்று கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், மற்றொன்று கன்னத்துக்கும் மேல் பல்லுக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் போகின்றன. க்ஷவரக் கத்தி கன்னத்தைக் கீறினாலும், பல் வலித்தாலும், கண்ணில் தூசி விழுந்தாலும் மூளைக்குச் சேதி கொண்டு போவது இதுவே. மெல்லுகிற தசைகளை ஆட்டி வைப்பது மூன்றாவது கிளை.

நிற்க, இந்த மெல்லும் கிளையிலிருந்து ஒரு மெல்லிய நரம்பு பிரிந்து காதுக்குள் போகிறது. அங்கே சுத்தி எலும்பைப் பற்றிக்கொண்டு செவிப்பறையை விறைப்பாக்கும் சிறு தசை ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இந்த நரம்பு. அதே காதில், அங்குல தூரங்கூட இல்லாத இடத்தில், அங்கவடி எலும்பைப் பற்றியிருக்கும் இன்னொரு தசைக்கோ 7-வது நரம்பு! கேட்பதற்கென்றே ஒருவன் திட்டம் போட்டுக் காதைச் செய்திருந்தால், சோறு மெல்லுகிற நரம்பை அங்கே இழுத்து வருவானேன்? சிருஷ்டிவாதிகள் இதற்குச் சொல்லும் பதில், "அவன் சித்தம்" என்பதுதான். அது பதிலாகாது, கேள்வி கேட்டவன் வாயை அடைப்பதாகும்.

பதில் சுறாமீனிடத்தில் இருக்கிறது. அதன் கருவில் தொண்டைப் பக்கம் வரிசையாக வளைவுகள் உண்டாகின்றன. முதல் வளைவு தாடையாகும். அதற்குரியது 5-வது நரம்பு. இரண்டாவதற்கு 7-வது. பிந்தியவை செவுள்களைத் தாங்கும். மனிதக் கருவிலும் 4-வது வாரத்தில் இதே வளைவுகள், இதே நரம்பு வரிசையில் தோன்றுகின்றன. ஓணான் ஜாதியில் மேல்தாடையும் கீழ்த்தாடையும் கூடும் கீலில் இரண்டு எலும்புகள் உண்டு. 1837-இல் ரைக்கர்ட் என்னும் ஜெர்மானியர் பன்றிக் கருக்களை அறுத்துப் பார்த்து, அவ்விரண்டும்தான் பாலூட்டிகளின் காதில் சுத்தியும் பட்டடையுமாக இருக்கின்றன என்று காட்டினார். சுமார் 20 கோடி வருஷங்களுக்கு முன் சுண்டெலி போலத் திரிந்த மார்கனுகோடான் என்னும் பிராணியின் கல்லாய்ப்போன எலும்புகளில், பழைய கீலும் புதிய கீலும் ஒரே தாடையில் பக்கம் பக்கமாக இருக்கக் காண்கிறோம். பாகப்பிரிவினையில் அடுக்களையைப் படுக்கையறையாக்கிக் கொண்டவன் வீட்டில், கட்டிலுக்கடியில் பழைய அங்கணத் துவாரம் இருப்பது போலத்தான் இது. எலும்பு இடம் மாறிற்று. நரம்பு பழைய எஜமானை விடவில்லை.

இன்னொரு வேடிக்கை, நம்முடைய 5-வது நரம்பே ஒரு நரம்பல்ல. தாடையே இல்லாத லாம்ப்ரே என்னும் பிராணியில் கண் பக்கத்துக் கிளைக்குத் தனி முடிச்சு உண்டு. நமக்கு அவை ஒன்றாய்க் கூடிவிட்டன.

பழைய நரம்பு புது வேலையும் கற்றுக் கொள்ளுகிறது. மேற்குத்தொடர்ச்சி மலையிலுள்ள குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி உண்டு. இருட்டில் எலியின் உடற்சூட்டை அக்குழியால் அறிவதும் இந்த 5-வது நரம்பினாலேயே. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ், தண்ணீருக்குள் இரையின் மின்சாரத்தைத் தன் அலகால் உணருவதும் இதனால்தான். ஞானதிருஷ்டி என்று நம்மவர்கள் கதை கட்டுவதற்கு இவை எவ்வளவோ மேல்!

இவ்வளவும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் நடந்ததென்ன? 2023-இல் மத்திய சர்க்காரின் என்.சி.ஈ.ஆர்.டி. 10-ஆம் வகுப்புப் புத்தகத்தில் "மரபும் பரிணாமமும்" என்ற பாடம் வெறும் "மரபு" ஆயிற்று. பாரத்தைக் குறைத்தோம் என்றார்கள். 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். 12-ஆம் வகுப்பில் வைத்திருக்கிறோமே என்பது சமாதானம். அதுவும் உயிரியல் எடுத்தவனுக்குத்தான். அந்தப் புத்தகத்தைப் படித்து 10-ஆம் வகுப்போடு நின்றுவிடுகிற தச்சன் மகனும், கணக்கோ வியாபாரமோ எடுத்துப் படிக்கிற பெண்ணும், தங்கள் காதிலுள்ள எலும்பு எங்கிருந்து வந்தது என்பதை யாரிடம் போய்க் கேட்பார்கள்? கதாகாலட்சேபக்காரரிடமா?