அப்பாவின் புளொப்பியில் கிடந்த கடிதங்கள்

போன மாதம் பார்க் எக்ஸ்டென்ஷனில் அம்மா வீட்டு பேஸ்மென்டை ஒதுக்கினோம். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பதினொரு புளொப்பி டிஸ்க்குகள். ஒன்றின் மேல் அப்பாவின் கையெழுத்து: 'அம்மாவுக்கு, 1998'. யாழ்ப்பாணத்தில் இருந்த அப்பம்மாவுக்கு அவர் கொம்பியூட்டரில் அடித்து, பிரின்ட் எடுத்து அனுப்பிய கடிதங்கள். போய்ச் சேர எத்தனை கிழமை ஆகும் என்று யாருக்கும் தெரியாத காலம். எனக்கு அப்போது எட்டு வயசு. கீபோர்ட் சத்தம் மட்டும்தான் ஞாபகம். அப்பா போய் ஆறு வருசமாகுது.

யூஎஸ்பியில் செருகும் புளொப்பி டிரைவ் ஒன்று வாங்கி, விண்டோஸ் லாப்டொப்பில் போட்டேன். 'இந்த டிஸ்க்கை ஃபோர்மட் செய்யவா?' என்று கேட்டது. பின்னால் நின்ற அம்மா, "ஓம் எண்டு குடு தம்பி" என்றா. நல்ல காலம், குடுக்கவில்லை. உங்கட வீட்டிலயும் அப்படிக் கேட்டால் 'இல்லை'தான் பதில். அதுக்கு முதல் டிஸ்க்கின் மூலையில் இருக்கும் சின்னக் கறுப்புத் தட்டைத் தள்ளி, ஓட்டை தெரியும்படி வையுங்கோ. பிறகு யாராலும் அதில் எழுத முடியாது, வாசிக்க மட்டும்தான்.

பழைய லினக்ஸ் லாப்டொப்பை எடுத்தேன். அதில் எம்டூல்ஸ் என்று ஒரு கருவித்தொகுப்பு. எம்மட் கிரே தொடக்கியது, பிறகு அலன் க்னாஃபும் டேவிட் நீமியும் வளர்த்தது. லினக்ஸ் ஒரு டிஸ்க்கைப் பார்க்க வேண்டுமென்றால் வழக்கமாக அதைத் தன் ஃபோல்டர்களோடு இணைத்துக்கொள்ள வேணும். எம்டூல்ஸுக்கு அது தேவையில்லை. டொஸ், விண்டோஸ் எழுதிய ஃபைல் அட்டவணையைத் தானே வாசிக்கும். பழைய டொஸ் கட்டளைகளுக்கு முன்னால் ஒரு 'எம்' சேர்த்தால் போதும்: 'டிர்' எம்டிர் ஆகும், 'கொப்பி' எம்கொப்பி ஆகும். மாக் வைத்திருப்பவர்கள் ஹோம்ப்ரூ வழியாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் நேரே டிஸ்க்கில் கை வைக்கவில்லை. இருபத்தைந்து வருசத்துக்கு மேல் கிடந்த டிஸ்க், ஒவ்வொரு முறை சுழலும்போதும் தேயலாம். அதனால் முதலில் டிடிரெஸ்க்யூ. நல்லா இருக்கிற இடங்களை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். மொத்தம் 14,74,560 பைட், 512 பைட்டாக 2,880 துண்டுகள். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே இது காணாது! இரண்டு துண்டு மட்டும் வரவில்லை. கிடைத்த பிரதியை 'மைனஸ் ஐ' போட்டு எம்டிர்இடம் காட்டினேன். ஒன்பது ஃபைல்கள் வரிசையாக வந்தன.

எம்கொப்பியால் வெளியே எடுத்துத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அம்மாவுக்கு முகம் வாடிப்போச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது. பாமினி! 'தமிழ்' என்று எழுத ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் அது ஆங்கிலக் குப்பைதான். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கு. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது, கொம்பின் இடத்தையும் மாற்ற வேணும். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால்.

முதல் கடிதம் 1998 ஜனவரி 5ஆம் திகதி தொடங்கிய ஐஸ் மழையைப் பற்றியது. மரமெல்லாம் கண்ணாடியாய் முறிஞ்சு விழுகுது, கரண்ட் இல்லை, பிள்ளை மட்டும் பள்ளிக்கூடம் இல்லையெண்டு சந்தோசமாய் இருக்கிறான் என்று எழுதியிருந்தார். 'இவன் என்னோட பிரெஞ்சிலதான் சண்டை பிடிக்கிறான், பசிச்சால் மட்டும் தமிழ் வருது.' என் மகளுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவள் பிரெஞ்சில் சிரித்தாள்.

நடுவில் ஒரு பந்தி இல்லை. வராமல் போன அந்த இரண்டு துண்டும் அங்கேதான். என்ன எழுதியிருப்பார் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"மெழுகுதிரி முடிஞ்சு போனதைப் பற்றியாத்தான் இருக்கும்" என்றா. கொஞ்ச நேரம் கழித்து, "இல்லை, நான் ஊருக்குத் திரும்பிப் போவம் எண்டு அழுததை எழுதியிருப்பார்" என்றா.

இன்னும் பத்து டிஸ்க் இருக்கு.