கேளா ஒலியும் ஐயாறும்

கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த ஐயாறுதான் புளியஞ்சோலை வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. மலையில் விளையும் மிளகிலிருந்தும் மூலிகையிலிருந்தும் மருந்துச் சரக்கை அங்கேயே பிரித்தெடுத்தால் மலைவாழ் மக்களுக்கு வேலை கிடைக்கும். எனக்கும் சம்மதமே. ஆனால் கழிவு எங்கே போகும்?

மருந்துத் தொழிலில் 1 கிலோ சரக்குக்கு 25 முதல் 100 கிலோவுக்கு மேலும் கழிவு சேர்கிறது என்று ராஜர் ஷெல்டன் என்ற வேதியியலார் 1992-இல் கணக்கிட்டுக் காட்டினார். அதில் பெரும்பகுதி கரைப்பான்களே. இங்குதான் கேளா ஒலி உதவிக்கு வருகிறது.

விநாடிக்கு 20,000 தடவைக்கு மேல் அதிரும் ஒலி நம் காதுக்கு எட்டாது. அதைத் திரவத்தில் வலுவாகச் செலுத்தினால் நுண்ணிய குமிழிகள் தோன்றிப் பருத்து, சட்டென்று நொறுங்குகின்றன. நொறுங்கும் கணத்தில் குமிழிக்குள் வெப்பநிலை சுமார் 5,000 டிகிரி! பாத்திரமோ கொதிப்பதில்லை; குமிழி அத்தனை சிறியது. இவ்வொலி வேதிவினைகளைத் தூண்டுவதை 1927-இல் ரிச்சர்ட்ஸ், லூமிஸ் என்ற அமெரிக்கர்கள் வெளியிட்டனர். மணிக்கணக்கில் கொதிக்கவைக்க வேண்டிய சில வினைகள் இம்முறையில் நிமிடங்களில் முடிகின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எளிதில் ஆவியாகும் கரைப்பானில், குமிழிக்குள் ஆவி புகுந்து மெத்தைபோல் தாங்கிக்கொள்ளும். நொறுங்கும் வேகம் குறைந்துவிடும். வெந்நீரிலும் அப்படியே. குளிர்ந்த நீரிலோ குமிழி மூர்க்கமாக நொறுங்குகிறது. ஆற்றுக்கு நல்லதையே இயற்பியலும் விரும்புகிறது, பாருங்கள்! ஆனால் மிளகின் காரப்பொருளான பைப்பரின் நீரில் அநேகமாகக் கரையாது. அதற்கு எரிசாராயம் வேண்டும். ஹெக்சேனுக்கு அது எவ்வளவோ மேல்.

ஆயினும், கேளா ஒலி என்றவுடனே 'பசுமை' என்று முத்திரை குத்துவதை நான் ஏற்கவில்லை. செலவாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெறும் வெப்பமாகிறது. கருவியின் முனையருகே வலுவாக இருக்கும் ஒலி, சற்றுத் தள்ளினால் மெலிந்துவிடும். குடுவையில் வென்றது அண்டாவில் தோற்கலாம். மும்பை ரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தில் அனிருத்த பண்டிட் குழுவினர், ஒலியின்றி, குறுகிய துளை வழியே திரவத்தை வேகமாகப் பாய்ச்சிக் குமிழிகளை உண்டாக்கும் முறையையும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆகவே அத்தகைய ஆலை கொல்லிமலைக்கு வருமானால், அதனிடம் நீங்கள் கேட்க வேண்டியவை எண்கள். 1 கிலோ சரக்குக்கு எத்தனை யூனிட் மின்சாரம்? எத்தனை லிட்டர் கரைப்பான் உள்ளே போயிற்று? 100 லிட்டரில் 90 திரும்பி வந்தது என்றால், மீதி 10 லிட்டர் காற்றிலா, ஐயாற்றிலா?